கடலுக்குள் ஓர் ஈ.பி. மீட்டர்

செல்லூர் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "மதுரைக்கு வரும் மீனில் பாதி ராமேசுவரம், தொண்டிப் பக்கத்து மீன்தான். அந்தக் கடலில் காட்மியம், காரீயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதித்தால் போதாதா?"

போதாது. இந்த உலோகங்கள் கடல்நீரில் மிக மிகச் சொற்பம். காலையில் ஓர் அளவு இருக்கும், நீரோட்டம் திரும்பினால் வேறு அளவு. பாட்டில் தண்ணீரைச் சோதிப்பது, வீட்டில் இப்போது எத்தனை விளக்கு எரிகிறது என்று எட்டிப் பார்ப்பது மாதிரி. இரண்டு மாதக் கணக்கு வேண்டுமென்றால் மீட்டரைத்தான் பார்க்க வேண்டும். கடற்புல்தான் அந்த மீட்டர்.

மீனவர்கள் தாழை என்பார்கள். பாசி அல்ல, வேர், தண்டு, பூ எல்லாம் உள்ள செடி. பாக் நீரிணையில் ஆவுளியா என்ற கடற்பசு மேய்வது இதைத்தான். இலை தண்ணீரிலிருந்தும் வேர் சேற்றிலிருந்தும் உலோகத்தை இழுக்கும்.

சரி, இழுத்த நஞ்சை வைத்துக்கொண்டு செடி எப்படிப் பிழைக்கிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான். செல்லுக்குள் குளூட்டாதயோன் என்று ஒரு சின்ன மூலக்கூறு உண்டு. மூன்றே அமினோ அமிலங்கள்; அதில் ஒன்றில் கந்தகம். குளூட்டாதயோன்களைக் கோத்து ஃபைட்டோகெலாட்டின் என்ற சங்கிலியாக்க ஒரு நொதி இருக்கிறது. ஆனால் சும்மா இருக்கும்போது அது வேலை செய்யாது. காட்மியம் உள்ளே வர வேண்டும். வந்த திருடனே காவல்காரனை உசுப்பிவிடுவான்! சங்கிலியில் உள்ள கந்தகங்கள் காட்மியத்தைக் கவ்விக்கொள்ளும். அப்படியே அதைச் செல் தன் நுண்குமிழி என்ற சேமிப்புப் பைக்குள் தள்ளிப் பூட்டிவிடும். கவ்வ உலோகம் மிச்சமில்லை என்றால் நொதி மறுபடி அடங்கிவிடும். இப்படிப் பூட்டி வைத்த சரக்கைத்தான் நாம் அளக்கிறோம்.

இலையை ஒட்டிய பாசியைச் சுரண்டி, காயவைத்துப் பொடித்து, நைட்ரிக் அமிலத்தில் கரைத்துக் கருவியில் வைத்தால் அளவு தெரிந்துவிடும். இலையில் கூடுதலென்றால் தண்ணீரைச் சந்தேகிக்கலாம், வேரில் கூடுதலென்றால் சேற்றை. ஆனால் துத்தநாகமும் செம்பும் செடிக்கே தேவை. அவற்றைத் தன் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்வதால், அந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. இலை வேகமாக வளரும் பருவத்தில், அதே உலோகம் நிறைய இலைக்குப் பங்காகி அளவு குறைந்தும் தெரியும். அதனால் ஒரே இனம், ஒரே வயது இலை, ஒரே பருவம் என்று பல வருடம் பறித்துப் பார்க்க வேண்டும். நம் ஆய்வு நிதியோ மூன்று வருடத்தில் முடிந்துவிடும். மீட்டரை மாட்டிவிட்டு ரீடிங் எடுக்க ஆள் அனுப்பாத கதை.

சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடல் என்பதால் வைகை அதில் கலக்காது என்று நம் ஊரில் சொல்வார்கள். வெள்ளம் வந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டி, ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் கலக்கத்தான் செய்கிறது, மதுரைச் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு. எனக்கு நிதி கிடைத்தால், ஐப்பசி மழைக்கு முன்பு ஒரு பிடி, தை பிறந்ததும் ஒரு பிடி என்று அந்தப் பக்கத்துப் புல்லைத்தான் பத்து வருடம் பறிப்பேன்.