ஃபேன் இறக்கையில் தூசி ஏன் தங்குகிறது?

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையைத் துடைத்திருப்பீர்கள். முன்விளிம்பு நெடுகக் கறுப்பாகத் தூசி அப்பியிருக்கும். 1200 மி.மீ. ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றினால், இறக்கையின் நுனி மணிக்கு ஏறத்தாழ 80 கி.மீ. வேகத்தில் போகிறது. அவ்வளவு வேகத்தில் தூசி பறந்து போயிருக்க வேண்டாமா?

போகாது. இறக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அதன்மேல் வழுக்குவதில்லை; இறக்கையோடு சேர்ந்தே சுற்றுகிறது. அதற்கு மேலுள்ள காற்று கொஞ்சம் வழுக்கும், அதற்கும் மேலே இன்னும் கொஞ்சம். ஓர் அடுக்கை அடுத்த அடுக்கு பிடித்திழுக்கும் இந்தக் குணம்தான் பாகுநிலை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போனால்தான் காற்று முழு வேகத்தில் இறக்கையைக் கடக்கிறது. இடைப்பட்ட அந்த மெல்லிய பகுதிதான் எல்லைப் படலம். நுண்ணிய தூசி அதன் அடியில் ஒட்டிக் கிடக்கிறது; அதைப் பெயர்த்தெடுக்கும் வலு அங்கே காற்றுக்கு இல்லை.

பாகுநிலையால் வரும் இந்த உராய்வை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், ஓடும் நீரில் நிற்கும் பொருளை நீர் தள்ளவே தள்ளாது என்று விடை வரும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தலாம்பேர் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இதைக் கண்டு திகைத்தார். ஆற்றில் இறங்கிய யாருக்கும் அது தப்பென்று தெரியும். 1904இல் ஹைடல்பெர்க் கணித மாநாட்டில் லுட்விக் பிராண்டல் என்ற ஜெர்மானியர் முடிச்சை அவிழ்த்தார். உராய்வைப் பரப்பை ஒட்டிய படலத்துக்குள் மட்டும் கணக்கில் எடுங்கள், வெளியே விட்டுவிடலாம் என்றார். அவருடைய கட்டுரை அச்சில் எட்டே பக்கம். விமான இறக்கைக் கணக்குகள் இன்றும் அந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன. எனக்கு இது தீராத வியப்பு.

சரி, படலம் பரப்பைவிட்டுப் பிரிந்தால் என்ன ஆகும்? கிரிக்கெட் பந்தைப் பாருங்கள். புதுப் பந்தின் தையலைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து வீசுகிறார் பந்துவீச்சாளர். தையல் இருக்கும் பக்கம் படலம் இடறிக் கலங்குகிறது. கலங்கிய படலத்துக்குள் வெளியிலிருந்து வேகமான காற்று கலப்பதால், அது பந்தை ஒட்டிக்கொண்டு கூடுதல் தூரம் போய்த்தான் பிரிகிறது. வழவழப்பான மறுபக்கத்தில் படலம் சீராக ஓடி, சீக்கிரமே தெம்பிழந்து விலகிவிடுகிறது. பந்தின் பின்னால் காற்று வழவழப்பான பக்கமாகத் திரும்ப, பந்து தையல் பக்கம் வளைகிறது. அதனால்தான் ஃபீல்டர்கள் ஒரு பக்கத்தை மட்டும் பேண்ட்டில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள்.