மண்ணில் கிடைத்த வெள்ளியைத் தேய்க்காதீர்கள்

உடைந்து வரும் பழைய வெள்ளியை ஒட்டிவிடலாம். பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இங்கிலாந்தில் தொல்பொருள் உலோகங்களைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன். மெட்டல் டிடெக்டரோடு வயலில் தேடுபவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன் மக்களின் வெள்ளிப் புரூச்சை எடுத்துக்கொள்வோம். மேலாடையைப் பூட்டிக்கொள்ள, பின்பக்கம் ஊசி வைத்த வட்ட அணி. வெள்ளித் தகட்டில் விலங்கு, கொடி, இலை என்று செதுக்கி, அந்தப் பள்ளங்களில் நியெல்லோ என்ற கறுப்புக் கலவையை நிரப்புவார்கள். கறுப்பு இருந்தால்தான் உருவம் எடுப்பாகத் தெரியும். அந்தக் காலத்து நியெல்லோ வெறும் வெள்ளி சல்ஃபைடு. நம் வீட்டு வெள்ளிக் கிண்ணத்தில் படிகிற கறுப்பும் அதேதான். கடையில் விற்கும் வெள்ளி கழுவும் திரவத்துக்கு எது அழுக்கு, எது அலங்காரம் என்று எப்படித் தெரியும்? இரண்டையும் தின்றுவிடும். குத்துவிளக்கை விபூதி போட்டுத் தேய்ப்பதுபோலத் தேய்த்தால் மெல்லிய செதுக்குக் கோடுகளும் மழுங்கிவிடும்.

அந்தக் கறுப்புக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரிய, பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஃபுல்லர் புரூச்சைப் பாருங்கள். நடுவில் பெரிய கண்களோடு 'பார்வை', சுற்றிலும் சுவை, மணம், தொடுகை, கேட்டல் என்று ஐம்புலன்களும் மனித உருவங்களாக இருக்கும். பழுதே இல்லாமல் இருக்கிறதே, போலியாகத்தான் இருக்கும் என்று ஒரு காலத்தில் அறிஞர்களே ஒதுக்கிவிட்டார்கள். 1952இல் அதை வைத்திருந்த கேப்டன் ஃபுல்லர் அதை மியூசியத்துக்குக் கொடையாகக் கொடுத்தார். அது அசல் என்று நிறுவ உதவியது நியெல்லோ சோதனை. பிற்காலக் கலவையில் செம்பும் ஈயமும் சேரும். இதில் இருந்தது வெள்ளி சல்ஃபைடு மட்டும். யாராவது அதை வழித்தெடுத்திருந்தால் அந்தச் சாட்சியே போயிருக்கும்.

இன்னொன்று, புதைந்து கிடந்த வெள்ளி பார்ப்பதுபோல உறுதியாக இருக்காது. அதில் கலந்த செம்பு முதலில் அரித்துப் பச்சையாக வெளியே வரும். உள்ளே வெள்ளி நொறுங்கும் நிலைக்குப் போய்விடும். வளைந்த ஊசியை நிமிர்த்தப் பார்த்தால் முறிந்துவிடும். ஒட்டியிருக்கும் மண்ணில் துணி இழைகூட இருக்கலாம். ஸ்காட்லாந்தில் 2014இல் கிடைத்த காலோவே புதையலில் பட்டுத் துணியே மிஞ்சியிருந்தது. அதிலிருந்த வெள்ளிச் சிலுவையின் அழுக்கை முள்ளம்பன்றி முள்ளால் எடுத்தார்கள். அழுக்கைக் கிளறும் அளவுக்குக் கூர்மை, உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மை. அவ்வளவு பொறுமை வேண்டிய வேலை இது.

சரி, உங்கள் கையில் ஒன்று கிடைத்தால்? கழுவாதீர்கள், மண்ணோடு அப்படியே விடுங்கள். கிடைத்த இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். மேலும் பொருள்கள் இருப்பதுபோல் தெரிந்தால் தோண்டுவதை நிறுத்திவிடுங்கள். 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட, குறைந்தது 10 சதவீதம் தங்கமோ வெள்ளியோ உள்ள நகையைப் பற்றி, அது புதையலாக இருக்கலாம் என்று தெரிந்த 14 நாளுக்குள் கரோனர் என்ற விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். இது இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு. அருங்காட்சியகம் வாங்கினால் வெகுமதி வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் நிலச் சொந்தக்காரருக்கும் பகிரப்படும்.

அதுவரை பிளாஸ்டிக் டப்பாவில், அசையாதபடி வைத்திருங்கள். பஞ்சில் சுற்ற வேண்டாம், நார் சிக்கிக்கொள்ளும். ரப்பர் பேண்டும் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.