குருத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கற வண்டுக்கு எப்படி பேரு வைக்கறாங்க?

தென்னையோட நடுக்குருத்து விரியறதுக்கு முன்னாடி ஈட்டி மாதிரி நேரா நிக்கும் பாத்திருப்பீங்க, அதுக்குள்ள கீத்துங்க ஒண்ணு மேல ஒண்ணு இறுக்கமா மடிஞ்சிருக்கும், ஒரு பேப்பர் நுழைக்கறதே கஷ்டம். அந்த சந்துக்குள்ள குடும்பம் நடத்தற வண்டு ஒண்ணு இருக்கு. நீளம் 9 மில்லிமீட்டர் வாக்குல, அகலம் 2 மில்லிமீட்டர்தான், உடம்பு நல்லா தட்டை. முட்டை, புழு, கூட்டுப்புழு, வளர்ந்த வண்டுன்னு மொத்த வாழ்க்கையும் அந்த மடிப்புக்குள்ளயே முடிஞ்சிடும். கீத்தோட மேல்தோலை சுரண்டி சுரண்டி தின்னும், அப்புறம் குருத்து விரியறப்ப ஓலையே தீயில வாட்டின மாதிரி பழுப்பா வெளிய வரும். அதுக்குள்ள வண்டு அடுத்த குருத்துக்கு போயிருக்கும்.

இது நம்ம ஊர் காண்டாமிருக வண்டும் இல்ல, சிவப்பு கூன்வண்டும் இல்ல. பேரு பிரான்டிஸ்பா லாங்கிசிமா, இலை வண்டு குடும்பத்த சேர்ந்தது, சொந்த ஊரு நியூ கினியா, இந்தோனேசியா பக்கம் இருக்கற தீவுங்க. 1999, 2000 வாக்குல மாலத்தீவுக்கு வந்துடுச்சு, ரிசார்ட்டுல அழகுக்கு வைக்கறதுக்காக வெளிநாட்டுல இருந்து இறக்கின பனை வகை செடிங்களோட. கிட்டத்தட்ட அதே சமயத்துல வியட்நாம், அப்புறம் சீனாவோட ஹைனான் தீவு, பிலிப்பைன்ஸ்னு வரிசையா போச்சு. நான் இத பத்தி படிக்க ஆரம்பிச்சது மாலத்தீவு நம்ம கரைக்கு இவ்ளோ பக்கத்துல இருக்கேங்கற பயத்துலதான், ஆனா படிக்க படிக்க என்ன இழுத்தது வேற விஷயம், இந்த ஒரு வண்டுக்கு பேரு வைக்க மனுஷங்க நூறு வருஷத்துக்கு மேல பட்ட பாடு.

முதல்ல இலை வண்டுன்னா என்னன்னு சொல்லிடறேன். பூசணிக் கொடியில ஆரஞ்சு கலர்ல உக்காந்து இலைய ஓட்டை போடுதே அந்த பூசணி வண்டு, நெல்லுல வெள்ளை வெள்ளையா கோடு போடற ஹிஸ்பா, ரெண்டும் இந்த குடும்பம்தான். இதுவரைக்கும் பேரு வச்சதே 35,000 இனத்துக்கு மேல. மீசை உடம்போட ஒப்பிட்டா குட்டையா இருக்கும், சொந்தக்கார குடும்பமான நீளமீசை வண்டுங்க கிட்ட இருந்து பிரிச்சு பாக்க அது ஒரு வழி. பாதத்துல அஞ்சு கணு இருக்கும் ஆனா எண்ணினா நாலுதான் தெரியும், ஏன்னா நாலாவது கணு ரொம்ப சின்னதாகி மூணாவதோட ரெண்டு மடலுக்கு நடுவுல மறைஞ்சு கிடக்கும். லென்ஸ் வச்சு பாத்தா இத நீங்களே வீட்டுல பாக்கலாம்.

தீவுங்க ஏன் இதுல முக்கியம்னா, கடல் தாண்டறது வண்டுக்கு லேசுல நடக்காது. எப்பவோ ஒரு தடவ மிதக்கற மரத்துலயோ காத்துலயோ நாலஞ்சு வண்டு வந்து சேரும், அதுக்கப்புறம் பல லட்சம் வருஷம் சொந்தக்காரங்க தொடர்பே இருக்காது, அந்த தீவோட செடி, மழை, எதிரிங்களுக்கு ஏத்த மாதிரி தனியா மாறிக்கிட்டே போகும். நியூ கலிடோனியா நல்ல உதாரணம். ஆஸ்திரேலியாவுக்கு கிழக்கால 400 கிலோமீட்டர் நீளத்துக்கு கிடக்கற தீவு, அங்க இயற்கையா வளர்ற செடி இனங்கள்ல முக்கால்வாசி உலகத்துல வேற எங்கயுமே கிடையாது. செடி அப்படின்னா செடிய தின்னற வண்டும் அப்படித்தானே இருக்கும். 1911ல ஃப்ரிட்ஸ் சாராசின்னு ஒரு சுவிஸ் ஆராய்ச்சியாளர் ஜான் ரூவோட அங்க போனாரு (இதே சாராசின்தான் 1880கள்ல தன் உறவுக்காரர் பாலோட இலங்கைக்கு வந்து வருஷக்கணக்கா வேலை பாத்தவர்). அங்க இருந்து வந்த வண்டுங்கள ஜெர்மனியோட டிரெஸ்டன்ல ஹெல்லர்னு ஒருத்தர் பாத்து 1916ல டாவோஃபிலாங்கற பேரினத்தை (நெருங்கின சொந்தக்கார இனங்கள சேத்து வைக்கற குழு) அறிவிச்சாரு, எல்லாம் சில மில்லிமீட்டர் அளவு வண்டுங்க. நூறு வருஷம் கழிச்சும் அந்த பேரினத்துல புது இனங்க வந்துக்கிட்டே இருந்துச்சு, பார்சிலோனாவுல வேலை பாக்கற ஹெசூஸ் கோமெஸ் சுரிட்டாவோட குழு 2010க்கு மேலயும் அங்க இருந்து புதுசு புதுசா விவரிச்சிருக்காங்க. ஒரு தீவு, ஒரே ஒரு பேரினம், அதுலயே இவ்ளோ வேலை பாக்கியிருக்கு.

சரி, ஒரு வண்டு கையில கிடைச்சா அது புதுசுன்னு எப்படி தெரியும்? காட்டுல புடிக்கறது ரொம்ப பழைய முறைதான், கிளைக்கு கீழ ஒரு வெள்ளைத் துணிய விரிச்சு குச்சியால தட்டுவாங்க, விழறத சின்ன குழாயால வாயில உறிஞ்சி பாட்டில்ல புடிப்பாங்க, வாய்க்குள்ள போகாம இருக்க நடுவுல வலை இருக்கும். எந்த செடியில விழுந்துச்சுங்கறத அப்பவே எழுதணும், ஏன்னா இலை வண்டுக்கு அதுதான் பாதி அடையாளம். ஆனா கிளையில உக்காந்திருக்குங்கறதுக்காக அந்த இலையத்தான் தின்னுதுன்னு சொல்லிட முடியாது, சும்மா ஓய்வுக்குக் கூட உக்காந்திருக்கலாம். இதுக்கு ஒரு அருமையான வழி கண்டுபுடிச்சாங்க, வண்டோட டிஎன்ஏவ எடுக்கும்போதே அதோட வயித்துக்குள்ள இருக்கற இலையோட டிஎன்ஏவும் கூட வரும், இலையோட பசுங்கணிகத்துல (செல்லுக்குள்ள பச்சையம் இருக்கற பை) இருக்கற டிஎன்ஏவுல ஒரு குறிப்பிட்ட துண்டை மட்டும் பெருக்கி படிச்சா கடைசியா சாப்பிட்டது எந்த செடி குடும்பம்னு தெரிஞ்சிடும். 2009ல ஆஸ்திரேலிய இலை வண்டுங்க மேல இத செஞ்சு காட்டினாங்க, கோமெஸ் சுரிட்டாவும் அந்த குழுவுல இருந்தாரு.

அப்புறம் மியூசியம் வேலை. கலரையும் உருவத்தையும் மட்டும் நம்பினா ஏமாந்து போவோம். காஞ்ச வண்டை வெந்நீர்ல போட்டு இளக வச்சு, பின்பக்கத்த பிரிச்சு, காரக் கரைசல்ல சதையெல்லாம் கரைய விட்டு, ஆண் வண்டோட இனப்பெருக்க உறுப்ப மட்டும் தனியா எடுப்பாங்க. அது கெட்டியான கொம்புப் பொருள் மாதிரி இருக்கும், கரையாது. வெளிய பாக்க அச்சு அசலா இருக்கற ரெண்டு இனத்துக்கு இந்த உறுப்போட வளைவு, நுனி தெளிவா வேற வேறயா இருக்கும். பெண்ணுல விந்து சேமிக்கற பைய பாப்பாங்க. இதெல்லாம் முடிஞ்சு புதுசுன்னு முடிவானா ஒரே ஒரு வண்டை மூல மாதிரியா தேர்ந்தெடுத்து சிவப்பு லேபிள் குத்தி வைப்பாங்க. பேரு ஒட்டிக்கிட்டிருக்கறது அந்த ஒரு வண்டு மேலதான், மத்த எல்லாமே அதோட ஒப்பிட்டு வர்றது. இது எவ்ளோ பெரிய விஷயம்னு பிரான்டிஸ்பா கதையில புரியும்.

1885ல இத்தாலியோட ஜெனோவா மியூசியத்துல இருந்த ரஃபாயெல்லோ ஜெஸ்ட்ரோ, நியூ கினியாவுக்கு பக்கத்துல இருக்கற ஆரூ தீவு வண்டை வச்சு லாங்கிசிமான்னு பேரு வச்சாரு. அப்ப பிரான்டிஸ்பாங்கற பேரினமே கிடையாது, அதனால அவரு வேற பேரினத்துல வச்சாரு, அப்புறம் 1904ல டேவிட் ஷார்ப் பிரான்டிஸ்பாவ உருவாக்கினாரு. இன்னைக்கும் இந்த வண்டோட பேருக்கு பின்னால ஜெஸ்ட்ரோங்கற பேர அடைப்புக்குறிக்குள்ள போடறாங்க பாருங்க, பேரு வச்சவரு இவருதான் ஆனா வண்டு இப்ப வேற பேரினத்துக்கு மாறிடுச்சுன்னு அதுக்கு அர்த்தம். இங்கதான் சிக்கல் ஆரம்பிக்குது, ஏன்னா இந்த வண்டு ஊருக்கு ஒரு கலர். ஜாவாவுல செம்பழுப்பு, சாலமன் தீவுல கிட்டத்தட்ட கருப்பு. அதனால தீவுக்கு தீவு பாத்தவங்க எல்லாம் புதுசுன்னு நினைச்சு பேரு வச்சாங்க, ஃப்ரோகாட்டின்னு ஒண்ணு, சுலவேசிக்கு செலபென்சிஸ், ஜாவாவுக்கு ஜாவானா, இன்னொன்னுக்கு சிம்மன்சி. இதுல சிம்மன்சிய வச்சது சமரேந்திர மௌலிக், இந்தியாவுல பிறந்து லண்டன் மியூசியத்துல வேலை பாத்தவர், 1919ல இந்தியாவோட ஹிஸ்பா வகை வண்டுங்களுக்கு மொத்தமா ஒரு புத்தகமே எழுதினவர். பிற்பாடு வந்தவங்க எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்து, கலர் மட்டும்தான் மாறுது, எல்லாம் ஒரே இனம்னு சேத்துட்டாங்க. முதல்ல வச்ச பேருக்கு முன்னுரிமைங்கற விதிப்படி லாங்கிசிமா நின்னுச்சு, மத்ததெல்லாம் பழைய பேர் பட்டியல்ல போச்சு.

பல வருஷம் அப்படியே ஓடுச்சு. 2011ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் தலைமையில ஒரு குழு பல நாட்டு வண்டுங்களோட மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற பகுதி) டிஎன்ஏவ எடுத்து வரிசைப்படுத்தினாங்க, ரெண்டு தெளிவான கிளை வந்துச்சு. ஆஸ்திரேலியா, பப்புவா நியூ கினியா, சமோவா பக்கம் ஒரு கிளை, ஜாவா, பாலி, சுலவேசியில இருந்து வியட்நாம், தாய்லாந்து, தைவான், ஜப்பான் வரைக்கும் இன்னொரு கிளை. மைட்டோகாண்ட்ரியா அம்மா வழியா மட்டும் வர்றது, அத மட்டும் வச்சு இனம் பிரிக்கறது சரியில்லன்னு நானும் நினைக்கறேன், அவங்களும் அதோட நிறுத்தல, ரெண்டு கிளையில இருந்தும் உயிரோட வண்டு வளத்து ஒண்ணோட ஒண்ணு சேர விட்டு பாத்தாங்க. அந்த கலப்பு சரியா வரல. கண்ணுக்கு ஒண்ணா தெரியறது உள்ளுக்குள்ள ரெண்டு இனம்னு அவங்க முடிவு. வியட்நாமுக்கும் தாய்லாந்துக்கும் பரவினது பசிபிக் வண்டு இல்ல, ஆசிய கிளைதான்னும் இதுலதான் தெரிஞ்சுது.

பேரு என்னவா இருந்தா என்ன, மருந்தடிச்சா சாகப் போகுதுன்னு சிலர் சொல்றாங்க, நான் இத ஒத்துக்கவே மாட்டேன். அறுபதடி மரத்துல மூடின குருத்துக்குள்ள இருக்கறதுக்கு மருந்து எப்படி போய் சேரும்? இந்த வண்டுக்கு வேலை செஞ்சது ஒரு குளவி, அசெகோடெஸ் ஹிஸ்பினாரம், நீளம் ஒரு மில்லிமீட்டர் கூட வராது. அந்த மடிப்புக்குள்ள நடந்து போய் புழுவுக்குள்ள முட்டை வைக்கும், குளவிக் குஞ்சுங்க புழுவ உள்ள இருந்தே தின்னுடும், புழு காஞ்ச தோலா நிக்கும், அதுல இருந்து ஒரு கூட்டமே வெளிய வரும். 2003ல சமோவாவுல இருந்து வியட்நாமுக்கு கொண்டு போனாங்க, 2004ல வியட்நாம்ல இருந்து மாலத்தீவுக்கு. வண்டு யாரு, சொந்த ஊரு எதுன்னு தெரிஞ்சாத்தான் அங்க அத அடக்கி வச்சிருக்கறது யாருன்னு போய் தேட முடியும்.

இலங்கையில இது இன்னும் நேரடியா நடந்துச்சு. 1970 வாக்குல அங்க தென்னை ஓலைக்குள்ள சுரங்கம் தோண்டற ஒரு வண்டு வந்துச்சு, ப்ரோமிகோதிகா குமிங்கி. இதுக்கு 1858லயே ஜோசப் பேலிங்கற இங்கிலாந்து டாக்டர் பேரு வச்சிட்டாரு, பிலிப்பைன்ஸ்ல பல வருஷம் சுத்தி சேகரிச்ச ஹ்யூ குமிங்கோட பேரைத்தான் வச்சாரு. வாலஸ்ங்கற இங்கிலாந்து இயற்கை ஆராய்ச்சியாளர் மலாய் தீவுங்கள்ல இருந்து கொண்டு வந்த 80,000க்கு மேற்பட்ட வண்டுங்கள்ல இலை தின்னற பலதையும் பாத்து விவரிச்சவரும் இதே பேலிதான். அடையாளம் தெரிஞ்சதால தென்கிழக்கு ஆசியாவுல இதுக்கு என்னென்ன எதிரிங்கன்னும் தெரிஞ்சுது, சிங்கப்பூர்ல இருந்து டிம்மோக்கியா ஜாவானிகாங்கற குளவிய கொண்டு வந்து விட்டாங்க, வண்டு அடங்கிடுச்சு.

இதோட இன்னொரு சொந்தக்காரன் ஃபிஜியில 1930கள்ல பெரிய தொல்லை குடுத்துச்சு, அது எனக்கு ரொம்ப புடிச்ச கதை. அங்க ஏற்கனவே உள்ளூர் குளவிங்க இருந்தும் கட்டுப்படல. டெய்லர்ங்கற ஆராய்ச்சியாளர் காரணத்த கண்டுபுடிச்சாரு, ஒரு சின்ன உண்ணி. அது பெருகி ஒரே வீச்சுல புழு, கூட்டுப்புழு எல்லாத்தையும் கொன்னுடும், முட்டையும் பெரிய வண்டும் மட்டும் மிஞ்சும், இரை இல்லாம உண்ணியும் செத்துடும். மிஞ்சின வண்டுங்க எல்லாம் ஒரே நேரத்துல முட்டை வைக்க, தோப்பு பூரா ஒரே வயசு புழு. ஒரு குறிப்பிட்ட நிலை புழுவத்தான் தாக்குவேன்னு இருக்கற உள்ளூர் குளவிக்கு நடுவுல பல வாரம் இரையே கிடைக்காது, அழிஞ்சிடும். அதனால வேற வேற நிலையில இருக்கற புழுவையும் கூட்டுப்புழுவையும் தாக்கக் கூடிய ப்ளூரோட்ரோபிஸ் பார்வுலஸ்ங்கற குளவிய தேடிப் புடிச்சு 1933ல ஜாவாவுல இருந்து கப்பல்ல கொண்டு வந்தாரு. பலிச்சிடுச்சு.

இன்னும் பேரு வைக்காதது எவ்ளோ இருக்கும்னு ஒரு பெரிய கேள்வி. 1982ல டெர்ரி எர்வின் பனாமாவுல ஒரே இனத்த சேர்ந்த 19 மரத்துல புகையடிச்சு விழுந்த வண்டுங்கள எண்ணி, ஒவ்வொரு மர இனத்துக்கும் தனி வண்டுங்க இருக்கும்னு கணக்கு போட்டு வெப்ப மண்டலத்துல மட்டும் 3 கோடி கணுக்காலி (பூச்சி, சிலந்தி மாதிரி) இனம் இருக்கலாம்னாரு. 2002ல வோய்டெக் நோவோட்னி குழு நியூ கினியாவுல 51 செடி இனத்துல இலை தின்னற 900க்கு மேற்பட்ட பூச்சி இனத்தை பாத்தாங்க, பெரும்பாலானது ஒரே செடிய மட்டும் நம்பி இல்ல, சொந்தக்கார செடிங்கள பகிர்ந்துக்குதுன்னு தெரிஞ்சுது, எண்ணிக்கை 40ல இருந்து 60 லட்சத்துக்கு இறங்கிச்சு. அந்த வேலைய செஞ்சவங்கள்ல நிறைய பேரு அந்த ஊர் கிராமத்து ஆளுங்க, பப்புவா நியூ கினியாவோட மடாங் ஊர்ல இருக்கற பினாடாங் ஆராய்ச்சி மையத்துல பயிற்சி எடுத்தவங்க. பினாடாங்னா அவங்க பேசற டோக் பிசின்ல பூச்சின்னு அர்த்தம். செடிக்கு அவங்க பாஷையில பேரு முன்னாடியே தெரிஞ்சிருந்ததால எந்த இலையில எது இருந்துச்சுங்கறதுல தப்பே கம்மி.

பிரான்டிஸ்பாவுக்கு வருவோம். ரெண்டு இனம்னு எழுதிட்டா போதாது, ரெண்டாவதுக்கு முறையா ஒரு பேரு வேணும், ஆனா இஷ்டத்துக்கு புதுசா வைக்க முடியாது. ஜெஸ்ட்ரோவோட ஆரூ வண்டு எந்த கிளையோ அந்த கிளைக்குத்தான் லாங்கிசிமா போகும். மத்த கிளைக்கு பட்டியல்ல தள்ளின பழைய பேருங்கள்லயே தேடணும், செலபென்சிஸோ ஜாவானாவோ, எது அந்த கிளையோடது, அதுல எது முதல்ல அச்சுல வந்துச்சோ அது. அதுக்கு நூறு வருஷமா ஊசியில குத்தி நிக்கற அந்த மூல வண்டுங்கள யாராவது பெட்டியில இருந்து எடுத்து, ஒவ்வொண்ணா மைக்ராஸ்கோப்புக்கு கீழ வச்சு பாக்கணும்.