கச்சான் காலத்துப் பயணம்: முதலில் ரேடியேற்றரைப் பாருங்கள்

நல்லூரில் கொடியேறும் நாட்களில் திருகோணமலையில் எங்கள் கராஜுக்கு வேலை கூடும். "அண்ணை, விடிய வெளிக்கிடுறம், ஒருக்காப் பாத்து விடுங்கோ" என்று முதல் நாள் பின்னேரம் வானைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் காற்றைப் பார்க்கலாம், ஒயிலைப் பார்க்கலாம். தண்ணீர்ப் பம்ப் கசிந்தால் சாமான் எடுப்பிக்கவே இரண்டு நாள் வேண்டும். அதனால் பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே வாருங்கள். வேலை முடிந்ததும் கந்தளாய் வரைக்கும் ஒருதரம் ஓடிப் பாருங்கள். பிழை இருந்தால் அது வீட்டுக்குக் கிட்டவே தெரிந்துவிடும்.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை இங்கே கச்சான் காற்று அனலாய் அடிக்கும். அந்த மாதங்களில் கட்டி இழுத்துக்கொண்டு என்னிடம் வரும் வாகனங்களில் அதிகமானவை எஞ்சின் சூடேறி நின்றவைதான்.

கடலோர ஊரில் இருந்து வந்த ஒரு வானை மறக்கமாட்டேன். குடும்பமாகக் கொழும்புக்குப் போகும்போது கந்தளாய் தாண்டி நின்றுவிட்டது. எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் காஸ்கெட் எரிந்து, ஹெட்டும் வளைந்திருந்தது. "குறையக் குறையத் தண்ணி விட்டனான்தானே அண்ணை. கிணத்துத் தண்ணி, கண்ணாடி மாதிரித் தெளிஞ்ச தண்ணி" என்றார் வானை ஓட்டிவந்த தம்பி. ரேடியேற்றரின் கீழ் ஹோஸைக் கழற்றினேன். செம்மண் கரைத்ததுபோலத் துருத் தண்ணீர் கொட்டியது. சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தேர்மோஸ்ரற்றில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு பிடித்திருந்தது. கேத்திலின் அடியில் படியுமே, அதே படிவுதான். கடற்கரைக் கிணற்று நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் அதில் உப்பும் சுண்ணாம்பும் கரைந்திருக்கும். சூட்டில் அவை ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுவது மூடிய அமைப்பு. அடிக்கடி தண்ணீர் குறைகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது எஞ்சினுக்குள் போகிறது. ஊற்றிக்கொண்டே ஓடாமல் காரணத்தைத் தேடுங்கள். கூலன்ற் என்னும் குளிர்விக்கும் திரவம் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி கலந்து விடுவது பெரும்பாலான வாகனங்களுக்குப் பொருந்தும். நிறம் ஒன்றாயிருக்கிறது என்று வேறு வகைக் கூலன்ற்றைக் கலக்கவேண்டாம். ரேடியேற்றர் மூடியையும் பாருங்கள். அது அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே இருப்பது 100 பாகையில் கொதிக்காமல் 120 பாகை அளவுவரை தாங்குகிறது. அதன் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். சூடாயிருக்கும்போது மட்டும் அந்த மூடியில் கை வைக்காதீர்கள். அப்படி வெந்த ஒரு கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான்.

ஓடும்போது சூட்டு முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுதாகப் போடுங்கள். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும், வியர்த்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். முள் இறங்காவிட்டால் ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, குறைந்தது அரை மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். கொதிக்கும் எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழலாம்.

அடுத்தது ரயர். இங்கே பல கார்கள் வீட்டுக்கும் கந்தோருக்கும் மட்டுமே ஓடுகின்றன. பூ தேய்ந்திராது, ரப்பர் கிழண்டிப் போயிருக்கும். ரயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. நெடுந்தூரம் போக அந்த ரயரை நான் விடமாட்டேன். காற்றை விடியற்காலையில், ஓடுமுன் பாருங்கள். அளவு சாரதிக் கதவருகே ஒட்டியிருக்கும். மத்தியான வெயிலில் ஓடிய ரயரில் அழுத்தம் ஏறித்தான் இருக்கும், அதைத் திறந்து விடவேண்டாம். ஸ்பெயர் ரயரையும் இறக்கிப் பாருங்கள்.

பற்றரி முனையில் உப்புக்காற்றால் பச்சை பூத்திருந்தால் துடைத்து இறுக்குங்கள். பிரேக் ஒயில் மாற்றி இரண்டு வருடம் கடந்திருந்தால் மாற்றுங்கள், நுவரெலியாப் பக்கம் போகிறவர்கள் கட்டாயம்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பல மொடல்களில் பின் இருக்கைப் பக்கமாகச் சிறு சல்லடை ஒன்று இருக்கும். பெரிய பற்றரி மூச்சு விடுவது அந்த வழியால்தான். அண்மையில் ஒன்றைக் கழற்றியபோது தலைமயிரும் தூசியும் கம்பளிபோல் உருண்டு வந்தன. அதைத் துப்பரவாக்குங்கள். பயணத்தில் தலையணையையும் பைகளையும் அதன்மேல் அடுக்கவேண்டாம்.

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் பொழுதுபட்டால் ஆனை வீதிக்கு வரும். அந்தத் துண்டை வெளிச்சத்தோடு கடக்கும்படி வெளிக்கிடுங்கள். பத்து லீற்றர் தண்ணீர் ஏற்றினால் பாதியை ஆட்களுக்கென்று வையுங்கள், பிள்ளைகளுக்குத்தான் முதலில் தாகமெடுக்கும். இருட்டியபின் அங்கே நின்றுவிட்டால் இறங்கிப் பொனற்றைத் திறக்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தே உதவிக்கு அழையுங்கள்.