டிஎம்இ (மெக்கானிக்கல் டிப்ளமோ), ஐடிஐ முடிச்சுட்டு "ட்ரெய்னி"யா சேரப் போறீங்களா? அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுப் போங்க

ரிசல்ட் வந்தா போதும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் டிஎம்இ பசங்க வேணும்னு வாட்ஸப்ல போஸ்டரா வந்து குவியும், "அப்ரண்டிஸ் ட்ரெய்னி, சாப்பாடு ஃப்ரீ, பஸ் ஃப்ரீ, உடனே ஜாயினிங்"னு. அதுல யாரு நெசமாவே சட்டப்படி அப்ரண்டிஸ், யாரு பேருக்கு ட்ரெய்னிங்குறதுதான் இங்க மேட்டரே. ரெண்டு பேரும் அதே யூனிஃபார்ம்ல அதே லைன்லதான் நிப்பாங்க, ஆனா வருஷம் முடியும்போது கையில இருக்கிற பேப்பர் வேற வேற.

1961ல வந்த அப்ரண்டிஸ் சட்டம்தான் எல்லாத்துக்கும் அடிப்படை. 2019ல மாத்தின விதிப்படி 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடம் கண்டிப்பா அப்ரண்டிஸ் எடுக்கணும், கான்ட்ராக்ட் ஆளுங்களையும் சேத்து மொத்த எண்ணிக்கைல 2.5 சதவீதத்துல இருந்து 15 சதவீதம் வரைக்கும். அதனால உங்களை எடுக்கிறது அவங்க பண்ற தர்மம் இல்ல, அவங்க கடமை, அந்த நினைப்போடவே இன்டர்வியூக்குப் போங்க.

வழி ரெண்டு இருக்கு. டிப்ளமோ, பிஇ முடிச்சவங்களுக்கு நேட்ஸ் (NATS, தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம்), இது கல்வி அமைச்சகத்தோடது, நம்ம பக்கம் இதைப் பாத்துக்கிறது சென்னை தரமணில இருக்கிற தென்மண்டல அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம், பசங்க போட் (BOAT)னு சொல்லுவாங்க. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், வெல்டர்னு ஐடிஐ முடிச்சவங்களுக்கு நேப்ஸ் (NAPS, தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டம்), அது திறன் மேம்பாட்டு அமைச்சகத்தோடது. சில கம்பெனி டிப்ளமோ ஆளுங்களையும் நேப்ஸ்ல ஆப்ஷனல் ட்ரேடுன்னு (கம்பெனியே வகுத்துக்கிற பயிற்சிப் பிரிவு) போட்டு எடுக்கும், அது தப்பில்ல, ஆனா எதுல பதியுறாங்கன்னு வாயத் தொறந்து கேட்டுக்கோங்க, ஏன்னா சர்டிபிகேட் மாறும். ரெண்டு திட்டத்தோட அரசு போர்ட்டல்லயும் (வெப்சைட்) பதிய உங்களுக்கு ஒத்தப் பைசா செலவு கிடையாது. கன்சல்டன்சிக்காரன் "ரெஜிஸ்ட்ரேஷன் சார்ஜ்"னு கேட்டா அது அவன் பாக்கெட்டுக்குத்தான்.

ஸ்டைபெண்ட், அதாவது மாசாமாசம் குடுக்குற பயிற்சித் தொகை விஷயத்துக்கு வருவோம். 2019 விதில ஐடிஐ முடிச்சவங்களுக்கு குறைஞ்சது மாசம் 7000, டிப்ளமோவுக்கு 8000, பிஇக்கு 9000. இது தரை ரேட்டுதான், நிறைய கம்பெனி இதுக்கு மேலயும் குடுக்குது. 2025 மே மாசம் மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் இதை 36 சதவீதம் ஏத்தலாம்னு பரிந்துரை பண்ணுச்சு, அதனால சேர்ற அன்னைக்கு போர்ட்டல்ல குறைந்தபட்சம்னு என்ன இருக்கோ அதை ஒரு தடவ பாத்துக்கோங்க. நேட்ஸ்ல அந்தக் குறைந்தபட்சத் தொகைல பாதி அரசாங்கப் பணம், டிப்ளமோன்னா 8000ல 4000. நேப்ஸ்ல கால்வாசி, அதிகபட்சம் 1500. இந்த அரசாங்கப் பங்கு இப்ப நேரா உங்க பேங்க் அக்கவுண்டுக்கே வருது, கம்பெனி பங்கு தனியா வரும். இது தெரியாமத்தான் மொத மாசம் பாதி பணத்தைப் பாத்துட்டு "எச்ஆர் அடிச்சுட்டாரு"ன்னு கத்துறாங்க. பல பேருக்கு சிக்கலே ஆதாரை பேங்க் அக்கவுண்டோட சீடிங் (இணைப்பு) பண்ணாம விட்டதுதான், சேர்றதுக்கு முன்னாடியே பேங்குக்குப் போய் பண்ணிடுங்க.

சரி, நெஜ அப்ரண்டிஸான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆஃபர் லெட்டர்ல அப்ரண்டிஸ்னு இருந்தா பத்தாது. போர்ட்டல்ல உங்க பேர்ல ஒரு கான்ட்ராக்ட் (பயிற்சி ஒப்பந்தம்) உருவாகணும், அதுல உங்க பேரு, எந்த ட்ரேடு இல்ல ப்ராஞ்ச், ட்ரெய்னிங் ஆரம்பிக்கிற தேதி, முடியுற தேதி, ஸ்டைபெண்ட் எவ்வளவு, கான்ட்ராக்ட் நம்பர் எல்லாம் இருக்கும். உங்க லாகின்லயே தெரியும், டவுன்லோடு பண்ணி மெயில்ல போட்டு வச்சுக்கோங்க. "அதெல்லாம் மூணு மாசம் கழிச்சுப் போடுவோம்"னு சொன்னாங்கன்னா உஷாராயிடுங்க, அந்த மூணு மாசம் உங்க கணக்குல வராது.

உள்ள போன பிறகு சட்டம் என்ன சொல்லுதுன்னா, நீங்க தொழிலாளி இல்ல, பயிற்சி எடுக்குறவரு. அதனால பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது, அதுக்காக சண்டை போட்டா நிக்காது. ஆனா அதே காரணத்துக்காக பீஸ் ரேட்ல (செஞ்ச பீஸ் கணக்குக்கு) காசு குடுக்கவும் கூடாது, "இன்னைக்கு 400 பீஸ் ஓட்டுனா இன்சென்டிவ்"னு உங்களை ப்ரொடக்‌ஷன் டார்கெட்ல இழுத்து விடவும் கூடாது, இது பிரிவு 13லயே இருக்கு. ஓடி (ஓவர்டைம்) பாக்கச் சொல்றதுக்கும் அப்ரண்டிஸ் அட்வைசரோட, அதாவது இந்தச் சட்டத்தைக் கவனிக்கிற அரசு அதிகாரியோட அனுமதி வேணும். நம்ம ஊர்ல எத்தனை லைன்ல இது நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும்! லேத்துலயோ ப்ரெஸ்லயோ கை மாட்டி அடிபட்டா, தொழிலாளிக்கு உள்ள மாதிரியே நஷ்டஈடு உண்டு, "நீ ட்ரெய்னிதானப்பா"ன்னு சொல்லி ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டு வர முடியாது. லீவு அந்தக் கம்பெனில மத்தவங்களுக்கு என்ன வழக்கமோ அதான்.

முடிச்சதும் வேலை குடுத்தே ஆகணும்னு சட்டத்துல இல்ல, இதை மொதல்லயே மனசுல போட்டுக்கோங்க. ஐடிஐக்காரங்க கடைசில அகில இந்திய ட்ரேட் டெஸ்ட் எழுதி பாஸானா தேசிய அப்ரண்டிஸ் சர்டிபிகேட் வரும், பெரம்பூர் ஐசிஎஃப் மாதிரி ரயில்வே யூனிட்ல முடிச்சவங்களுக்கு ரயில்வேயோட லெவல் 1 (ஆரம்ப நிலை) வேலைல 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு, அதுக்காகவே அங்க அவ்வளவு போட்டி. டிப்ளமோக்காரங்களுக்கு டெஸ்ட் கிடையாது, போட் குடுக்குற சர்டிபிகேட்டை எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல ஒரு வருஷ அனுபவமா பதியலாம்.

பலரும் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. என்எல்சி, அரசு போக்குவரத்துக் கழகம் மாதிரி இடங்கள்ல நேட்ஸ் அப்ரண்டிஸுக்கு அறிவிப்பு வரும்போது, பெரும்பாலும் டிப்ளமோ மார்க்கை வச்சுத்தான் எடுப்பாங்க, ஆனா டிப்ளமோ முடிச்ச பிறகு ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ எங்கயாவது வேலையோ ட்ரெய்னிங்கோ பாத்திருந்தா அப்ளையே பண்ண முடியாது. கன்சல்டன்சி மூலமா பேருக்கு ட்ரெய்னியா ஒரு வருஷம் ஓட்டிட்டீங்கன்னா சர்டிபிகேட்டும் இல்ல, இந்தக் கதவும் சாத்திடும்.

ஸ்டைபெண்ட் அடுத்த மாசம் 10ம் தேதிக்குள்ள வரணும். வரலைன்னா, இல்ல பாதில காரணமே சொல்லாம நிறுத்திட்டாங்கன்னா, டிப்ளமோக்காரங்க தரமணி போட்டுக்கு, ஐடிஐக்காரங்க உங்க மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு கான்ட்ராக்ட் நம்பரைப் போட்டு எழுத்துல குடுங்க, வாய்ல சொல்லிட்டு வராதீங்க. கான்ட்ராக்ட் சம்பந்தமான தகராறை முடிவு பண்ற அதிகாரம் அப்ரண்டிஸ் அட்வைசருக்கு இருக்கு, அவரு சொன்னது சரியில்லன்னா 30 நாளுக்குள்ள மேல்முறையீடும் போகலாம்.