ஒரே ஒரு வரிதான் சார்!

மருத்துவக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் குழுவில், இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. "சின்ன மாற்றம்தான் சார், ஒரே ஒரு வரி. இதுக்கெல்லாமா ரிஸ்க் ஃபைலைத் திறக்கணும்?" (ஒரு மாற்றத்தால் நோயாளிக்கு என்ன ஆபத்து வரலாம் என்று அலசி எழுதிவைக்கும் கோப்புதான் ரிஸ்க் ஃபைல்.) இம்முறை கேட்டவர் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன தம்பி. கெட்டிக்காரர்தான். அதனால்தான் எரிச்சல் கூடுதலாக வந்தது.

அவர் செய்தது இதுதான். நோயாளியின் உடலுக்குள் மருந்தை அளவாக ஏற்றும் இன்ஃபியூஷன் பம்ப்பின் திரையில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நிற்கவில்லையாம். எல்லா எண்ணுக்கும் ஒரு தசம இடம் கொடுத்துவிட்டார். 5 என்று இருந்தது 5.0 ஆனது. கணினிக்கு இரண்டும் ஒன்று, எல்லா டெஸ்ட்டும் பாஸ். ஆனால் விடியற்காலை 3 மணிக்கு, மங்கிய வெளிச்சத்தில், நான்கு நோயாளிகளை ஒருசேரப் பார்த்துக்கொண்டிருக்கும் நர்ஸின் கண்ணுக்கு அந்தப் புள்ளி தப்பினால் அது 50. மருந்து பத்து மடங்கு. 0.5 என்பதை .5 என்று காட்டினாலும் இதே கதை, 5 ஆகிவிடும். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் சுழியமும் வேண்டாம், புள்ளிக்கு முன்னால் சுழியம் கட்டாயம் வேண்டும். மருந்துச்சீட்டு எழுதுகிறவர்களுக்கு இது பாலபாடம். நமக்குத்தான் இது வெறும் ஃபார்மேட்டிங்!

வரி எத்தனை என்பதை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். ஆயிரம் வரி மாற்றியும் நோயாளிக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஒரு புள்ளி போதும் கெடுக்க. புரோகிராம் சரியாக ஓடுவது வேறு, நோயாளி பத்திரமாக இருப்பது வேறு. இதை எத்தனை முறை சொல்லியாயிற்று!

"பழைய மாடலில் இது வருஷக்கணக்கா ஓடுதே சார்" என்பது அடுத்த வாதம். தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரத்தில் 1985 முதல் 1987 வரை 6 பேர் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தே போனார்கள். அதில் இருந்த ஒரு பிழை முந்தைய மாடலான தெராக்-20லும் இருந்ததுதான். அங்கே வன்பொருள் பாதுகாப்பு குறுக்கே நின்றதால் ஃபியூஸ் போனதோடு சரி. புதியதில் மென்பொருளே போதும் என்று அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டார்கள். கோளாறு வந்தபோது திரையில் தெரிந்தது "மால்ஃபங்ஷன் 54" (கோளாறு 54), அவ்வளவுதான். இயந்திரம் அடிக்கடி இப்படி நிற்பதைப் பார்த்துப் பழகியவர்கள், தொடர்வதற்கான பட்டனை அழுத்திவிட்டார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? (பிழைச்செய்தி எழுதும்போது இந்த 54ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.)

மாற்றக் கோரிக்கையில் "மைனர்" என்று நீங்களே முத்திரை குத்தாதீர்கள். திரையில் தெரியும் எதைத் தொட்டாலும் ரிஸ்க் ஃபைலைத் திறங்கள். ரிலீஸுக்கு முந்தின நாள் மாலை கொண்டுவந்து நீட்டாதீர்கள். அப்புறம், தயவுசெய்து ஒரே ஒரு இரவாவது வார்டில் போய் நின்று பாருங்கள்.

நல்லவேளை, 5.0 ரிவ்யூவிலேயே மாட்டிக்கொண்டது. தம்பிக்கு என்மேல் இன்னும் கோபம்தான். இருக்கட்டும். அடுத்த வாரம் இரவு ஷிஃப்ட் நேரத்தில் வார்டுக்கு அழைத்துப் போகிறேன்.