எம்போலைசேஷன்: அடைப்பு வேறு, அடைத்தல் வேறு

கோண்டாவிலில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு வேறு எதற்கோ வயிற்றை ஸ்கான் செய்தபோது, மண்ணீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியில் ஒரு புடைப்புத் தெரிந்தது. அதற்கான சம்மதப் படிவத்தில் 'நாடி அடைப்புச் சிகிச்சை' என்று இருந்தது. "வீக்கம் எண்டுதானே தம்பி சொன்னவை. இப்ப அடைப்பும் இருக்கெண்டு எழுதியிருக்கினம்" என்று கேட்டார். அன்றிரவு அவர் நித்திரை கொள்ளவில்லை.

படிவத்தில் இருந்த அடைப்பு நோயல்ல, வைத்தியம். மருத்துவர்கள் சொல்லும் எம்போலைசேஷன் என்பதைத்தான் அப்படித் தமிழாக்கியிருந்தார்கள்.

கிரேக்கத்தில் 'எம்போலோஸ்' என்றால் உள்ளே செருகப்பட்டது: ஆப்பு, முளை, தக்கை. இதன் உறவுச் சொல்லான எம்போலிசம் முதலில் நாட்காட்டியில்தான் வழங்கியது. கணக்குச் சரிவர இடையில் நாளோ மாதமோ செருகுவதற்கு, நம் பஞ்சாங்கத்து அதிக மாதம் போல, அந்தப் பெயர். ஓரிடத்தில் உறைந்த இரத்தக்கட்டி ஓடிப்போய் இன்னோரிடத்தில் சிக்குவதை 1848 இல் ஜெர்மன் மருத்துவர் விர்ஹோ இந்தச் சொல்லால் குறித்தார். பிற்காலத்தில் அதே காரியத்தை மருத்துவர்கள் வேண்டுமென்றே, நோயாளியின் நன்மைக்காகச் செய்யத் தொடங்கியபோது எம்போலைசேஷன் வந்தது.

புடைப்புக்கு அவர்கள் சொல்வது அனியூரிசம். அதுவும் கிரேக்கம்தான், அகலித்தல் என்று பொருள். வீக்கம் என்றால் கால்வீக்கம் நினைவுக்கு வருகிறது. பழைய சைக்கிள் ரியூப்பில் இரப்பர் மெலிந்த இடம் பம்மிக்கொண்டு நிற்குமே, அதுதான் இது. ஆகவே நாடிப் புடைப்பு என்பதே எனக்குப் பிடித்தது. வயிற்று உறுப்புகளின் நாடிகளில் இது அரிது. வருவதில் மண்ணீரல் நாடியில்தான் அதிகம், பெண்களுக்குக் கூடுதலாக. பெரும்பாலும் நோவே இராது. வெடித்தால் உயிராபத்து, கர்ப்பகாலத்தில் இன்னும் மோசம். (நாங்கள் நாடி, நாளம் என்று படித்ததைத் தமிழ்நாட்டில் தமனி, சிரை என்கிறார்கள். அங்குள்ள கட்டுரைகளை வாசிக்கும்போது இது உதவும்.)

சரி, அடைப்பது எப்படி? தொடையடியிலோ மணிக்கட்டிலோ விறைக்க ஊசி போட்டு, நாடிக்குள் மெல்லிய கம்பியையும் அதன்மேல் கதீற்றர் குழாயையும் விடுகிறார்கள். 1953 இல் சுவீடன் மருத்துவர் செல்டிங்கர் காட்டிய வழி இது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி புடைப்புவரை போய், பிளாற்றினக் கம்பியைத் தள்ளுவார்கள். குழாய்க்குள் நேராக இருந்த கம்பி வெளியே வந்ததும் சுருண்டுகொள்ளும். அதைச் சுற்றி இரத்தம் உறைந்துவிடும்.

தோட்டத்தில் தண்ணீர் மாறியவர்களுக்கு மிச்சம் விளங்கும். ஒரு வெட்டு மண்போட்டு வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் அடுத்த பாத்திக்குத் திரும்பும். ஆனால் மண்ணீரல் நாடியில் மேல்பக்கம் மட்டும் அடைத்தால், பக்கத்துச் சிறு நாடிகள் வழியாக இரத்தம் பின்னால் வந்து புடைப்பை நிரப்பிவிடலாம். அதனால் முன்னும் பின்னும் அடைப்பார்கள். மண்ணீரல் அந்தச் சிறு நாடிகளால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சில நாள் நோவும் காய்ச்சலும் வரலாம். எல்லா நாடியையும் இப்படி அடைக்க முடியாது. சிறுகுடலுக்குப் போகும் பெரிய நாடியில் புடைப்பு வந்தால் ஓட்டம் தொடர வேண்டும், அங்கே உறையிட்ட ஸ்டென்ட் (நாடிக்குள் விடும் வலைக்குழாய்) போன்ற வேறு வழி.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? 'தக்கையிடல்' கிரேக்க மூலத்துக்கு மிக நெருக்கம், ஆனால் கேட்டவுடன் விளங்காது. மாரடைப்பு என்று சொல்லிப் பழகிய காதுக்கு அடைப்பு என்றால் நோய்தான். அடைத்தல் என்றால் யாரோ ஒருவர் செய்யும் வேலை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீன் காலத்திலிருந்து இங்கே மருத்துவத்துக்குத் தமிழ் தேடி வருகிறார்கள். அந்தத் தேடலில் ஒரு விகுதியும் முக்கியம்தான்.

சின்னம்மாவின் படிவத்தில் நான் பென்சிலால் எழுதிக்கொடுத்தது இது: 'சுருள்கம்பி வைத்து நாடியை அடைத்தல்'. இரண்டு தரம் வாசித்துவிட்டு, "அப்ப வாய்க்கால் கட்டுற மாதிரி" என்றார்.